பதினோரு அடி மணல்

தம்பி,

நீ இதைப் படிக்கிற வயதில் உன் குரல் உடைந்திருக்கும், மீசை வந்திருக்கும், ஒருவேளை உன் கல்யாணப் பேச்சுகூட நடந்துகொண்டிருக்கும். வீட்டுப் பத்திரத்தை யாராவது உன் கையில் கொடுத்து, "அளந்து பாத்துக்கோ" என்பார்கள். நாடாவைப் பிடித்து நீயும் அளப்பாய். வடக்கு தெற்காக எல்லாம் சரியாக வரும். கிழக்கு மேற்காக அளக்கும்போது, கடல் பக்கம், பதினோரு அடி உதைக்கும். காகிதத்தில் அது நம்முடையது. தரையில் பார்த்தால் அங்கே கருவாட்டுப் பரண் நிற்கும், அதற்கு முன்னால் மணலும் கொடியும் இருக்கும். யாரோ வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குக் கிளம்பிவிடாதே. நாங்கள்தான் விட்டுக்கொடுத்தோம். உன்னைக் கேட்காமல் கொடுத்தோம். அப்போது உனக்கு நாலு வயது. கேட்டிருந்தால் அதற்குப் பதிலாகக் குச்சி ஐஸ் கேட்டிருப்பாய்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் இன்றைக்கு அந்த விஷயம் முடியவில்லை. கடலைப் பார்த்த நம் வரிசையில் பதினான்கு வீடுகள். அதில் பத்து வீட்டுக்கு முன்சுவர் உண்டு. பத்தும் பின்வாங்கினால்தான் மணல்மேட்டுக்கு நகர்ந்து உட்கார இடம் கிடைக்கும், கருவாடு காயப்போடும் பெண்களுக்கும் பிழைக்க இடம் கிடைக்கும். இதுவரை இடிந்தது நம் சுவர் ஒன்றுதான். மற்ற ஒன்பதும் அப்படியே நின்றுவிட்டால், பிள்ளையின் இடத்தை வீணாகத் தூக்கிக் கொடுத்தவள் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சும். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். "நீ பயப்படாத நாள் எது?" என்று உன் அப்பா என்னைக் கேட்பார். நீ பிறந்த வாரமே உனக்கு ஒரு கடிதம் எழுதி வைக்க வேண்டும் என்று நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் உன் தடுப்பூசித் தேதிகளை எழுதினேன், பிறகு காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதினேன், அப்படியே நாலு வருஷம் போய்விட்டது. நீ மத்தியானத் தூக்கம் தூங்கும் இந்த ஒரு மணி நேரத்தில் இன்று ஒருவழியாக உட்கார்ந்துவிட்டேன்.

நான் நெல்லித்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். சந்துக்குள் சந்து, வீட்டோடு ஒட்டிய வீடு, எதிர்வீட்டுக் குக்கர் விசிலை வைத்து நம் அடுப்பை அணைக்கலாம். கடல் சைக்கிள் தூரம்தான். ஆனால் எனக்குக் கடல் என்றால் கறுப்புப் பாறைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகராட்சியின் மேரி கட்டடத்துக்கு எதிரே பாறைமேல் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வருவதற்குத்தான் கடலுக்குப் போவது என்று பெயர். அங்கே ஒருகாலத்தில் மணல் இருந்தது என்று பெரியவர்கள் சொன்னால் கதை விடுகிறார்கள் என்று நினைப்பேன். கல்யாணமாகி, தவளக்குப்பம் தாண்டி இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில்தான் முதன்முதலாக வெறுங்காலோடு கடல் மணலில் நின்றேன். தாவரவியலில் பட்டம் வாங்கியவள், வயது இருபத்து மூன்று. அலை திரும்பும்போது காலுக்கடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போனது. பூமியே நழுவுகிறது என்று உன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் எதிரில் நின்றுகொண்டு இந்த மனிதர்கள் எப்படிச் சாதாரணமாகப் பல் துலக்குகிறார்கள், சோறு வடிக்கிறார்கள், கேபிள்காரனோடு சண்டை போடுகிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த வாய் இன்னும் முழுதாக மூடவில்லை.

நீ தவழத் தொடங்கியபோது நான்தான் சுவர் கேட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ், மனதில் எப்போதும் நிதானம். "கடலுக்குச் சுவரு கட்னவன் எவன் இருக்கான், சொல்லு?" என்றார். "கடலுக்கு இல்லீங்க, புள்ளைக்கு" என்றேன். பக்கத்து வீட்டில் இருக்கும் உன் அஞ்சலை அத்தை, அப்பாவின் அக்கா, மீன் கூடையை இறக்கி வைத்தபடியே சொன்னாள்: "புள்ளைக்கு ஒரு மூங்கில் படல் போதும்டி காலேஜு. நீ கேக்கறது உன் பயத்துக்கு." அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, காலேஜுதான். நான் விடவில்லை. செங்கல் வந்தது, இடுப்பு உயரத்துக்கு ஆரம்பித்த சுவர் என் தலை உயரத்துக்கு ஏறியது. நம்மைப் பார்த்து மற்ற வீடுகளும் கட்டின. ஊரில் அதற்கு முன் மூன்று முன்சுவர்கள்தான் இருந்தன. மீதி ஏழுக்கும் ஆரம்பம் நான்.

உனக்கு ஒன்றரை வயதானபோது டவுனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கரை அரிப்பதைத் தடுக்க, கல் கொட்டாமல், மணல்மேடுகளை மறுபடி வளர்ப்பது அவர்கள் வேலை. கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, புயல்களின் குணம் மாறுகிறது, சிமென்ட்டைவிட உயிருள்ளது நன்றாகத் தாங்கும் என்று அவர்கள் விளக்கியபோது எனக்குப் புல்லரித்தது. படித்த படிப்புக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் ஒரே வேலை! நம் ஊரையே முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டதும் நான்தான். கரையின் பயன்பாட்டைக் குறிக்க ஒரு படிவம் தந்தார்கள். கட்டம் கட்டமாக நடந்து, எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுத வேண்டும். நான் நடந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் காயப்போடும் அளவுக்கு மீன் மிஞ்சாது. வீட்டுச் சுவர்களுக்கும் அலைக்கும் நடுவில் மணல் சும்மா கிடந்தது. அந்தக் கட்டத்தில் நான் எழுதினேன்: "பயன்பாடு இல்லை."

யோசித்துப் பார். நான் வெளியூர்க்காரி இல்லை. மருமகளாக வந்த நாளிலிருந்து தினமும் அந்த மணலில் நெத்திலியும் காரப்பொடியும் வெள்ளி விரித்த மாதிரிக் காய்வதைப் பார்த்தவள். அந்தக் கருவாட்டை வறுத்துத் தின்றுதான் உன்னைச் சுமந்தேன். காக்கை வராமல் குச்சியோடு உட்கார்ந்து காவல்கூட இருந்திருக்கிறேன். ஆனாலும் கையில் படிவம் வந்ததும் கண் அன்றைக்கு இருந்ததை மட்டும் பார்த்தது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சம்மதம் கேட்கக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கடல் அவர்களுடையது, அதனால் தலையாட்டினார்கள். காயப்போடும் மணல் பெண்களுடையது. கூட்டம் நடந்த நேரத்தில் அந்தப் பெண்கள் தவளக்குப்பம் சந்தையிலும் டவுன் தெருக்களிலும் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அத்தையும் அப்படித்தான். அவள் சாயங்காலம் வந்தபோது நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல காரியம்தானே, வளர்ந்ததும் தானே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். நான் வெட்கப்படும் விஷயங்களில் இதற்கு முதலிடம்.

ஆடி பிறப்பதற்கு முன் நட்டோம். முன்வரிசையில் ராவணன் மீசை, அதற்குப் பின்னால் அடும்புக் கொடி, சுற்றிலும் மூங்கில் வேலி. தடைக்காலம் முடிந்து முதல் பெரிய மீன்பாடு வந்த காலையில் உன் அத்தை நெத்திலிக் கூடையோடு வந்தாள், வேலியைப் பார்த்தாள். பிறகு இரண்டு மூங்கிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நட்ட கன்றுகளின் மேலேயே மீனைக் கவிழ்த்து விரிக்க ஆரம்பித்தாள். நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, செடிக்கா! செடி மேல போடறீங்க!"

"அப்படியா? நான் புல்லுன்னு நெனச்சேன். எங்க எடத்துல மொளச்ச புல்லு."

"கடல் உள்ள வராம இருக்கத்தான் இது. மண்ணு சேந்து மேடாயிடும். உங்க வீட்டுக்குந்தான் நல்லது."

"மேடாவும். சரி. எவ்ளோ ஒசரம் ஆவும்?"

"நல்லா வந்தா ஆள் உயரம்."

அவள் எழுந்து நின்று, மீன் செதிள் ஒட்டிய கையைத் தன் கழுத்தளவுக்கு உயர்த்திக் காட்டினாள். "இம்மாம் ஒசரத்துக்கு மேடு நின்னா, அதுக்குப் பின்னால கீழ கெடக்கற மீனுக்குக் கெழக்கேந்து அடிக்கற கொண்டக் காத்து எந்தப் பக்கமா வரும்? உன் புக்குல போட்டிருக்கா? காத்து படலன்னா மத்தியானத்துக்குள்ள ஈ மொய்க்கும், மறுநாளு புழு வெக்கும். புழு வெச்ச கருவாட்ட நீ வாங்குவியா? உன் ஆபீசு வாங்குமா?"

கல்லூரியில் காற்று மணலை எப்படிச் சுமக்கிறது என்று இரண்டு பருவம் படித்திருக்கிறேன். அதே காற்று மீனை உலர்த்துகிறது என்பது எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. நீ என் இடுப்பிலிருந்து குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் வைத்தாய். "உன் புள்ளைக்குத் தெரியுது எது சோறுன்னு" என்றாள் அத்தை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று வேலியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒரு வாரம் அத்தை என்னோடு பேசவில்லை. நான் அலுவலகத்தில் போய், நான் எழுதியது தப்பு, அது பயன்பாடு உள்ள இடம் என்று சொன்னேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர், ஆனால் கோப்பு நகர்ந்துவிட்டால் அதைத் திரும்பத் தொட மாட்டார். "இப்பப் போய் மாத்தச் சொன்னா எப்படிம்மா" என்றார். மறுநாள் மீன் ஏலக்கூடத்தில் பெண்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. ஒருத்தி, "படிச்சவங்களுக்கு எழுதறதுக்கு ஒரு எடம் வேணும், அது எங்க எடமா போச்சி" என்றாள். இன்னொருத்தி, போன ஐப்பசியில் அலை தன் வீட்டு வாசற்படியைத் தொட்டதை ஞாபகப்படுத்தினாள். மேடு வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை, வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. இரண்டு மணி நேரம் இழுத்தது. கடைசியில் அத்தை யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்: "மேடு ஒசந்தா மீனும் ஒசரட்டும்."

பரண் கட்டலாம் என்பதுதான் அவள் சொன்னது. சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த வலையை இழுத்துக் கட்டி, மார்பளவு உயரத்தில் மீனைக் காயப்போடுவது. உடனே நாலு பக்கமும் வாய்கள் திறந்துகொண்டன. மழை வந்தால் எப்படி அள்ளுவது, குட்டையான கன்னியம்மாவுக்கு எட்டுமா, சென்னாக்குன்னி மாதிரிப் பொடி இறால் வலைக் கண்ணில் ஒழுகிவிடாதா, கொசுவலையை மேலே போட்டால் ஒழுகாதே, மேடு வளர வளரப் பரணையும் உயர்த்த முடியுமா. எதிர்ப்பு என்று நான் எழுதி வைத்திருந்த பெண்கள் ஒரு மத்தியானத்தில் காற்றையும் மணலையும் மீனையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டு முடித்தார்கள். புத்தகங்கள் இயற்கையைக் காப்பதை ஓர் அத்தியாயத்திலும் ஊரின் பிழைப்பைக் காப்பதை இன்னோர் அத்தியாயத்திலும் வைத்திருந்தன. ஏலக்கூடத்துச் சிமென்ட் தரையில் அவை ஒரே பேச்சாக இருந்தன.

ஒருங்கிணைப்பாளர் வந்து பரண்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நம்ம திட்டம் செடிக்குத்தானே. இது மீன் காயவைக்கற வேலையாச்சே."

"சார், செடிக்கு யாரு தண்ணி ஊத்தறாங்க?" என்றாள் அத்தை.

"நீங்க."

"ஆட்ட யாரு தொரத்தறாங்க?"

"நீங்கதான்."

"நாங்க எங்க நிப்போம்? எங்க மீனு காயற எடத்துலதான் நிப்போம். மீன வேற எடத்துக்கு அனுப்பிட்டீங்கன்னா உங்க செடிய ஆட்டுக்கிட்டச் சொல்லிட்டுப் போங்க."

அவர் சிரித்துவிட்டார். வேலிக்கு ஒதுக்கியிருந்த மிச்சக் கம்புகள் எல்லாம் பரண் கால்களாயின.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படி எழுதுவது? அதைப் பார்க்க நீயும் கூடவே இருந்தாய், ஆனால் உனக்கு நினைவிருக்காது. ராவணன் மீசை முரட்டுச் செடி. தொட்டால் குத்தும், ஊசியாய்ச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். காற்று மணலை எடுத்துக்கொண்டு வருகிறது, செடியில் மோதி வேகம் குறைகிறது, மணலைக் கீழே போடுகிறது. செடி புதைகிறது. புதைந்த செடி சாக வேண்டும் அல்லவா? அது புதைந்த இடத்திலிருந்து புது வேர் விட்டு ஒரு கணு மேலே ஏறி நிற்கிறது. மறுபடி மணல், மறுபடி புதைகிறது, மறுபடி ஏறுகிறது. இதைப் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கண்ணெதிரில் பார்த்தபோது கை கூப்பத் தோன்றியது. யாரும் மண் சுமக்கவில்லை, எந்த எஞ்சினும் ஓடவில்லை, ஒரு மலை வளர்ந்துகொண்டிருந்தது. முதல் வருஷம் மேட்டுக்கு அந்தப் பக்கம் நீ நின்றால் உன் மார்பு வரை எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் நீயும் வளர்ந்தாய், ஆனால் உன் தலைமுடி மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் ஒருநாள் நீயே தெரியவில்லை. நான் கத்திக்கொண்டு ஓடினேன். நீ அந்தப் பக்கம் ஊதாப்பூப் பூத்த கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நண்டு வளையில் குச்சி விட்டுக்கொண்டிருந்தாய்.

பெண்கள் அவரவர் பரணுக்கு முன்னால் உள்ள மேட்டை அவரவர் மேடாகப் பார்த்துக்கொண்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு ஏற வந்த சுற்றுலாப் பையன்களை அத்தை வாளை மீனைக் கையில் பிடித்துக்கொண்டே விரட்டியிருக்கிறாள். மணல் ஒட்டாத கருவாடு என்று டவுன் கடைகளில் நம் ஊர்ச் சரக்குக்குத் தனிப் பெயர் வந்தது. "காலேஜு ஒண்ணும் வீணாப் போவல" என்று ஒருமுறை யாரிடமோ அவள் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். இரண்டு நாள் எனக்குப் பசிக்கவில்லை.

போன கார்த்திகையில் புயல் வந்தது. எச்சரிக்கை கேட்ட உடனே நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நெல்லித்தோப்புக்கு ஓடிவிட்டேன்; உன் அப்பா படகுகளோடு இருந்தார். மறுநாள் பகலில் மழை விட்டபின் பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்தே வந்தோம். வரிசை வீடுகள் நின்றன. அதுவே எனக்கு நம்பமுடியாததாக இருந்தது. மேட்டின் முன்பாதியைக் கடல் கத்தியால் அரிந்ததுபோல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வெட்டுப்பட்ட முகத்தில் வேர்கள் ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்கின. அந்தச் செடி தன் கீழே அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. முன்பாதியைக் கொடுத்து, அலையின் மூச்சை வாங்கி, பின்பாதியில் அது நின்றிருக்கிறது. நான் உன் கையைப் பிடித்தபடி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் படகு ஏற்றும் வழியில் மேடு கிடையாது. அதன் வழியே தண்ணீர் உள்ளே புகுந்து சுவர்களில் மோதியிருக்கிறது. பரவ இடமில்லாமல் சுவரோரமாகவே ஓடி, காயப்போடும் மணலை வாரிக்கொண்டு போய், நம் வாசலுக்கு எதிரே என் இடுப்பளவு பள்ளம் பறித்திருந்தது. சுவர் உள்ள வீடுகளின் முன்னாலிருந்த பரண்கள் எல்லாம் குப்புறக் கிடந்தன. அத்தை வீட்டுக்குச் சுவர் இல்லை, ஓலைத் தட்டிதான். அது போய்விட்டது. ஆனால் அங்கே வந்த தண்ணீர் விரிந்து, களைத்து, தூக்கி வந்த மணலை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. அவள் வாசலில் ஒரு சாண் புது மணல்! நான் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தேன். உன்னைக் காக்க நான் கட்டிய சுவர் கடலுக்கு வேலை செய்திருந்தது.

இரண்டு வாரத்தில் வெட்டுப்பட்ட மேட்டின் பின்பக்கத்திலிருந்து கொடிகள் மேற்கே, வீடுகளை நோக்கி நீள ஆரம்பித்தன. கடல் முன்னே வந்தால் மேடு பின்னே நகரும். அதற்கு இடம் விட்டால் அது சாகாது. மேடு நகர்ந்தால் பரண்கள் நகர வேண்டும். பரண்களுக்குப் பின்னால் சுவர்கள். எல்லாருக்கும் இது தெரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. திட்டத்தின் காலம் முடிந்து எங்கள் அலுவலகம் வேறு ஊருக்குப் போயாகிவிட்டது. படிவம் நீட்டவும் ஆள் இல்லை. அத்தை கேட்டிருக்கலாம். உடன்பிறந்தவனின் சுவர், உரிமை உண்டு. அவள் ஒன்றும் கேட்காமல், நம் சுவருக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த தன் பரணை நிமிர்த்தி, இருக்கிற கொஞ்ச இடத்தில் பாதி மீனைக் காயப்போட்டாள். மீதியைப் பச்சையாகவே வந்த விலைக்குக் கொடுத்தாள்.

அந்த நாட்களில் நான் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தேன் தம்பி. மூலக்குளத்தில் ஒரு ஃப்ளாட். இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, உன் ஸ்கூல் பக்கம். இந்த இடத்தை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று உன் அப்பாவை நச்சரித்தேன்.

"மூலக்குளத்துல தண்ணியே வராதா?" என்றார்.

"ரெண்டாவது மாடிங்க."

"எஞ்சினு ரிப்பேருன்னா படகு மாடிப்படி ஏறி வருமா?"

"விளையாடாதீங்க. எனக்குப் புள்ள முக்கியம்."

"எனக்கு மட்டும் படகா முக்கியம்? சரி, நாம போயிடறோம். வாங்கறவன் யாரு? ரிசார்ட்டுக்காரன். அவன் மொத வேலையா என்ன செய்வான்? நீ கட்டுன சுவத்த இன்னும் ரெண்டு ஆளு ஒசத்துவான். அக்கா வாசல்ல பள்ளம் பறிக்கும். நம்ம புள்ளைய மாடில ஏத்திட்டு அக்கா வூட்ட எறக்கி வுட்டுடலாங்கற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் வெளியே வந்தேன். சுவரைப் பார்த்தேன். அதன் உள்பக்கத்தில் நீ கரியால் கிறுக்கிய படகுகள் இருந்தன. இந்தச் சுவர் இல்லாவிட்டால் நீ நேரே கடலைப் பார்ப்பாய். கடலும் உன்னைப் பார்க்கும். அது என் குலை நடுக்கம், இன்றும் போகவில்லை. ஆனால் பயந்து பயந்து நான் செய்த காரியங்களைத்தான் புயல் என் முன்னால் விரித்துக் காட்டியிருந்தது. உள்ளே திரும்பிப் போய், "இடிச்சிடுங்க" என்றேன். "எவ்ளோ தூரம்?" என்றார். பரண் வைக்க, நடந்து போக, கொடி ஓட என்று அளந்து பார்த்தோம். பதினோரு அடி.

போன வெள்ளிக்கிழமை காலையில் இடித்தார். நீ கைதட்டிக் குதித்தாய். வீட்டை ஒட்டி உனக்காக ஒரு மூங்கில் படல் கட்டினார், அத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னது. அவள் வந்து எட்டிப் பார்த்தாள், செங்கலை அடுக்க ஆரம்பித்தாள். தெற்கு வீட்டு மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னா மாப்ள, கிறுக்குப் புடிச்சிடுச்சா? ஊரே கல்லு கொட்டுன்னு கேக்குது, நீ இருக்கறத இடிக்கற. நாளைக்கு அலை வந்தா என்னத்த வெச்சித் தடுப்ப, கருவாட்ட வெச்சா?" என்றார். அவர் சுவர் வரிசையிலேயே நீளமானது. அது நிற்கும்வரை தெற்கே யாரும் அசைய மாட்டார்கள். உன் அப்பா, "உன் வாசப் பள்ளத்துல எறங்கி நின்னு சொல்லு மாமா, இங்கேந்து சரியா கேக்கல" என்றார். மாமாவின் மனைவியும் காயப்போடுகிறவள்தான். அவள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆறு நாளாக ஒரு சத்தமும் இல்லை. ஆறு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நீ பெரியவனாகும்போது கடல் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். அப்போது முடிவு உன்னுடையது. இங்கேயே இரு என்றோ கிளம்பு என்றோ இப்போதே சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உன் கையிலும் ஒரு படிவம் வரலாம், நீயும் என்னைப்போல் படித்தவனாக இருப்பாய். எழுதுவதற்கு முன் மீன்பாடு உள்ள நாளில் ஒருமுறை வந்து நட. கூட்டம் போட்டால், கூடை சுமப்பவர்கள் வீடு திரும்பிய பிறகு போடு. யாராவது உன் செடிமேல் மீனைக் கவிழ்த்தால் அவளுக்கு எதிரில் உட்கார், அவள் முடிக்கும்வரை கேள். பயப்படுவது தப்பில்லை. பயத்தைத் தலை உயரத்துக்குக் கட்டிவிடாதே, அவ்வளவுதான். உன் படிப்பு உன்னை எங்கே கொண்டுபோனாலும், ஆச்சரியப்படுவதை மட்டும் விட்டுவிடாதே. எனக்குத் தெரிந்தவரை, தப்பு செய்தவர்கள் திருந்துவதற்கு அது ஒன்றுதான் உதவியிருக்கிறது.

கொஞ்சம் பொறு.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ இன்னும் தூங்குகிறாய். தெற்கு வீட்டு மாமா பனியனோடு நிற்கிறார், அவர் மனைவி அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறாள், "இன்னும் பின்ன வாய்யா, இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தார். இப்போது சம்மட்டிச் சத்தம் கேட்கிறது.

உன் அம்மா